விடுதி சமையலறையில் ஹாலோவீன் விருந்து: டர்பன் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அக்டோபர் 31 நெருங்கும்போது தென்னாப்பிரிக்காவின் டர்பன் விடுதிகளில் ஒரே மாதிரி தவறுதான் நடக்கிறது. அலங்காரத்தில் தொடங்குகிறார்கள். சிலந்தி வலையும் கறுப்புக் காகிதமும் வாங்கிப் பாதிக் காசு போய்விடுகிறது. மாலை ஆறு மணிக்குத்தான் சமையல் ஞாபகம் வருகிறது. அப்புறம் உறையாத ஜெல்லி, கரைந்த ஐஸ், எட்டு மணிக்கு எல்லோருமாக பீட்சாவுக்கு ஆர்டர்.

கீழே இருப்பது 12 பேருக்கான கணக்கு. இரண்டு பானம், நான்கு தின்பண்டம். இதற்கு மேல் சேர்க்க வேண்டாம். ஒரே அடுப்பையும் ஒரே ஃப்ரிட்ஜையும் பத்து அறைகள் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் ஏழாவது பதார்த்தம் என்பது பேராசை. பயமுறுத்தும் வேலையைக் குளிர்ந்த பண்டங்களிடம் விடுங்கள், வயிற்றை நிரப்பும் வேலையை பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் கறி) பார்த்துக்கொள்ளும். வரிசை இதுதான்: முதலில் உறைய வேண்டியது, பிறகு வேக வேண்டியது, கடைசியில் நுரைக்க வேண்டியது.

1. யார் என்ன சாப்பிட மாட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே, குறைந்தது மூன்று நாள் முன்னால், வாட்ஸ்அப் குழுவில் இதைக் கேட்டுவிடுங்கள். நம் ஊர்க் கூட்டத்தில் இது சாதாரண விஷயமில்லை. அக்டோபர் நடுவில் புரட்டாசி முடிந்துவிடும், அதனால் அந்த விரதம் தடையில்லை. ஆனால் தீபாவளி அக்டோபர் கடைசி வாரத்தில் வரும் ஆண்டில், அதையடுத்துத் தொடங்கும் கந்த சஷ்டி விரதம் ஹாலோவீனோடு மோதும். 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஹாலோவீன் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்களுக்கும் அந்த ஆண்டில் சிக்கல் இல்லை.

அடுத்தது ஜெலட்டின். மார்ஷ்மெல்லோ, ஜெல்லி பவுடர், கண்விழி மிட்டாய் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். பாக்கெட்டில் ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்றுதான் பொருள். மாட்டு ஜெலட்டின் இருக்கலாம். மாட்டிறைச்சி தொடாத தமிழ்ப் பிள்ளைகள் இந்த முத்திரையைப் பார்த்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வருந்துவது அடிக்கடி நடக்கிறது. அதனால் இந்த விருந்தில் ஜெலட்டினே கிடையாது, சைனா கிராஸ் எனும் கடல்பாசிதான்.

நிலக்கடலை, முந்திரி, பால், கோதுமை ஒவ்வாமை பற்றியும் அப்போதே கேளுங்கள்.

2. சாமான்களும் பாத்திரங்களும்

கடல்பாசித் தூள், சப்ஜா விதை, சமூசா பர் (சமூசா சுற்றும் மெல்லிய மாவுத் தாள்), மசாலா ஆகியவற்றுக்கு சூப்பர் மார்க்கெட்டில் அலைய வேண்டாம். விக்டோரியா தெரு சந்தையிலோ சாட்ஸ்வொர்த், ஓவர்போர்ட் பக்கத்து மசாலாக் கடைகளிலோ எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். காய்கறிக்குச் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் சந்தை. மசாலாக் கடையில் 'மாமியாரை ஒழிக்கும் மசாலா' என்று ஒன்றை நீட்டுவார்கள். பெயர் ஹாலோவீனுக்குப் பொருத்தம்தான், ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் காரம் தாங்காதவர்களாக இருக்கலாம். நடுத்தரக் காரம் போதும்.

பட்டியல்:

- சீவாத முழு வெள்ளை ரொட்டி 3
- சுகர் பீன்ஸ் (ராஜ்மா போன்ற புள்ளி பீன்ஸ்) டின் 6 (410 கிராம்), உருளைக்கிழங்கு 1 கிலோ, தக்காளி 4, வெங்காயம் 3
- லிச்சி டின் 2, தேங்காய்ப் பால் டின் 1, கடல்பாசித் தூள், கறுப்பு உலர்திராட்சை, ஸ்ட்ராபெர்ரி ஜாம்
- பஃப் பேஸ்ட்ரி சுருள் 1 அல்லது சமூசா பர் 1 பாக்கெட், பனீர் அல்லது வியன்னா சாசேஜ்
- பூசணி 1 கிலோ, மாவு, பேக்கிங் பவுடர், முட்டை, பட்டைத்தூள், சர்க்கரை
- பச்சை கிரீம் சோடா 2 லிட்டர் பாட்டில் 2, வெனிலா ஐஸ்கிரீம் 2 லிட்டர், ரூய்போஸ் டீ (சிவப்பு மூலிகை டீ), ரோஸ் சிரப், எலுமிச்சை, சப்ஜா விதை
- மார்மைட் (ரொட்டியில் தடவும் உப்பான கறுப்பு ஈஸ்ட் விழுது) ஒரு சிறு புட்டி
- பவுடர் பூசாத வினைல் கையுறை

ரொட்டி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். சீவிய ரொட்டியில் பன்னி செய்ய முடியாது. சனிக்கிழமை பிற்பகலுக்குள் சீவாத ரொட்டி பல கடைகளில் தீர்ந்துவிடும், காலையிலேயே எடுத்து வையுங்கள்.

பாத்திரத்தில் 5 லிட்டர் குண்டான் ஒன்றும் பெரிய பஞ்ச் கிண்ணம் இரண்டும் கட்டாயம். ஓவன் இல்லாவிட்டால் ஏர் ஃப்ரையர் இரவல் வாங்குங்கள். அதையும் கெட்டிலையும் ஹாட் பிளேட்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் கயிற்றில் செருகக் கூடாது. தளம் முழுக்க மின்சாரம் போகும், அப்புறம் விருந்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள்.

3. முதல்நாள் இரவு: பனிக்கை

பனிக்கை என்றால் கையுறைக்குள் டீயை உறைய வைத்த கை, நாளைய பானத்தில் மிதக்கும். ரூய்போஸ் டீப் பை 10-ஐ 2.5 லிட்டர் கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து எடுங்கள். சர்க்கரை போடாமல் ஆறவிடுங்கள். இதிலிருந்து கையுறைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அது நாளைய பானம்.

பச்சைத் தண்ணீரை உறைய வைக்காமல் டீயை உறைய வைப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர்க் கை கரையக் கரையப் பானம் நீர்த்துப்போகும். டீக் கை கரைந்தால் சுவை கெடாது, செம்பழுப்பு நிறமும் ரத்தம் போலவே இருக்கும். இனிப்புச் சேர்த்தால் ஐஸ் இறுகாமல் விரல்கள் நொறுங்கிவிடும்.

கையுறையின் உட்புறத்தை வெளியே திருப்பிக் கழுவிக் கவிழ்த்து உலர்த்துங்கள். திரும்பப் பழையபடி ஆக்கி, மணிக்கட்டுக்கு இரண்டு விரல் கீழே வரை டீ ஊற்றி, காற்று நீக்கி முடிச்சுப் போடுங்கள். தட்டில் படுக்க வைத்து ஃப்ரீசரில் வையுங்கள். தொங்கவிட்டால் எடை முழுக்க விரல் நுனிக்கு இறங்கி முருங்கைக்காய் போல் வீங்கிவிடும்.

லேடெக்ஸ் கையுறை வேண்டாம், அது சிலருக்கு ஒவ்வாது. பவுடர் பூசியது எதுவும் வேண்டாம். இரண்டு கை செய்யுங்கள், ஒன்று எப்படியும் உடையும்.

4. முதல்நாள் இரவு: லிச்சிக் கண்கள்

நம்மூர் லிச்சி நவம்பர் கடைசிக்கு மேல்தான் சந்தைக்கு வரும், அதனால் டின்தான். பழங்களை வடித்து, கொட்டை இருந்த குழியில் ஸ்ட்ராபெர்ரி ஜாமைத் துளி வைத்து, அதன் மேல் ஒரு கறுப்பு உலர்திராட்சையை அழுத்துங்கள். ஜாம் வெள்ளைச் சதையில் கசிந்து சிவப்பு நரம்பு ஓடியது போலத் தெரியும். வாங்கி வைத்த எந்தக் கண்விழி மிட்டாயும் இந்த அளவுக்கு அருவருப்பாக இருக்காது. பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

இப்போது கடல்பாசி. 600 மில்லி தண்ணீரில் 4 டீஸ்பூன் தூளைக் குளிர்ந்த நிலையிலேயே கலக்கிவிட்டு அடுப்பில் வையுங்கள். கொதித்த பின் 3 நிமிடம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தூள் முழுதாகக் கரையாவிட்டால் ஜெல்லியின் அடியில் மணல் போல் நெருடும்.

வேறு பாத்திரத்தில் 400 மில்லி தேங்காய்ப் பாலைச் சர்க்கரையோடு இளஞ்சூடாக்கி, அடுப்பை அணைத்தபின் இதில் ஊற்றுங்கள். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றுகிறார்கள். கடல்பாசி 40 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே வந்தாலே உறையத் தொடங்கிவிடும், குளிர்ந்த பால் பட்டதும் திரிதிரியாகக் கட்டி தட்டும். அப்படி ஆகிவிட்டால் வீணாக்க வேண்டாம், மறுபடி கொதிக்கவிட்டால் கரைந்துவிடும்.

சிறு கோப்பைகளில் கால் பங்கு ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து, மேல் படியும் ஆடை சற்றுத் தாங்கும்போது கண்ணைக் குழி மேலே பார்க்க வையுங்கள். ஆளுக்கு இரண்டு கண். பிறகு சுற்றிலும் மெல்ல ஊற்றி, கண்ணின் உச்சி வெளியே தெரியும்படி விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஊற்றினால் பழம் மிதந்து கவிழ்ந்து திராட்சை அடியில் போய்விடும். ஊற்றிக்கொண்டிருக்கும்போது மீதிக் கலவை இறுகினால் மறுபடி கொதிக்கவிட்டுக் கரைத்துக்கொள்ளலாம்.

ஃப்ரிட்ஜ் இல்லாமலே இது உறையும், மின்சாரம் போனாலும் ஜெலட்டின் போல் உருகி வழியாது. டர்பன் வெயிலுக்கும் பொதுச் சமையலறைக்கும் ஏற்ற பண்டம். ஆனால் தேங்காய்ப் பால் இருப்பதால், உறைந்தபின் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

5. அன்று காலை: பீன்ஸ் கறி

பன்னிக்குள் போகும் கறி, சோற்றுக்குச் செய்யும் கறி அல்ல. சோற்றுக்குக் குழம்பு ஓட வேண்டும், ரொட்டிக்குள் ஓடினால் பத்தே நிமிடத்தில் அடி கழன்றுவிடும். காலையிலேயே செய்துவிடச் சொல்வதும் அதற்காகத்தான். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் கறி தானாகவே இறுகியிருக்கும், மசாலாவும் பீன்ஸில் ஏறியிருக்கும்.

உருளைக்கிழங்கைப் பெரிய துண்டாக்கி உப்பு நீரில் தனியே முக்கால் வேக்காடு வேகவைத்துக்கொள்ளுங்கள். நேரடியாகத் தக்காளிக் கறியில் போட்டால் அந்தப் புளிப்பில் கிழங்கு லேசில் வேகாது. ஒரு மணி நேரமாகியும் கல்லாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

குண்டானில் அரைக் கப் எண்ணெய், கடுகு, சீரகம், ஒரு துண்டு பட்டை. வெங்காயம், கறிவேப்பிலை போட்டுப் பொன்னிறமாக வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது 2 டேபிள்ஸ்பூன். அடுப்பைக் குறைத்து, மசாலா 4 டேபிள்ஸ்பூனும் ஒரு கை தண்ணீரும் சேர்த்து அரை நிமிடம் கிளறுங்கள். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் மசாலா கருகிக் கசக்கும், அதோடு தளத்தின் புகை மணியும் அலறும். பிறகு துருவிய தக்காளி. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும் வரை விடுங்கள்.

பீன்ஸை வடித்துக் கழுவிப் போடுங்கள், கிழங்கையும் சேருங்கள். இரண்டு கப் தண்ணீர், 20 நிமிடம் சிறு தீ. ஒரு கரண்டி பீன்ஸை ஓரத்தில் அழுத்தி மசித்துவிட்டால் மாவில்லாமலே கெட்டியாகும். கடைசியில் கொஞ்சம் தைம், கொத்தமல்லித்தழை. தைம் போடாத கறியை டர்பன் ஆத்தாக்கள் கறியென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டின் பீன்ஸில் உப்பு ஏற்கெனவே இருக்கும், ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள்.

காசு மிச்சம் என்று உலர்ந்த பீன்ஸ் வாங்கினால் இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே தீயைக் குறைக்க வேண்டும். ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடக் கூடாது. இவ்வகை பீன்ஸில் உள்ள நச்சு அந்த மிதமான சூட்டில் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

கறி ஆறியதும் அகலமான இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் கிடக்கவிடாதீர்கள்.

6. பிற்பகல்: மம்மிகள்

பஃப் பேஸ்ட்ரியை ஃப்ரீசரிலிருந்து முந்தைய இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றியிருக்க வேண்டும். மேசையில் வைத்து அவசரமாக இளக்கினால் வெளியே பிசுபிசுப்பும் உள்ளே கல்லுமாக இருக்கும். குளிர்ச்சி குறையாமலே ஒரு சென்டிமீட்டர் அகல நாடாக்களாக வெட்டுங்கள்.

விரல் நீளப் பனீர்த் துண்டையோ வியன்னாவையோ துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள், ஒழுங்காகச் சுற்ற வேண்டாம். கோணல்மாணலாக இருந்தால்தான் மம்மி. மேலே கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. இறுக்கிச் சுற்றினால் மாவு உப்பும்போது அறுந்துவிடும்.

200 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். கண்களை வெந்த பிறகே ஒட்டுங்கள்: மயோனிஸ் ஒரு பொட்டு, நடுவில் ஒரு மிளகு. முன்பே வைத்தால் உருகி வழிந்து கண்ணீர் விடும் மம்மியாகிவிடும்.

பஃப் பேஸ்ட்ரி விலை அதிகம் என்றால் சமூசா பரை நாடாவாகக் கிழித்து எண்ணெய் தடவிச் சுற்றுங்கள். ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் 8 நிமிடத்தில் மொறுமொறுப்பாகிவிடும். எனக்கு இதுதான் பிடிக்கும். பர் காற்றுப்பட்டதும் காய்ந்து நொறுங்கும், ஈரத்துணியால் மூடி ஒவ்வொன்றாக எடுங்கள்.

வியன்னாவை ஒருபோதும் பச்சையாகத் தட்டில் வைக்காதீர்கள். 2017-18-இல் நாட்டையே உலுக்கிய லிஸ்டீரியா நோய் பொலோனி இறைச்சி வழியாகத்தான் பரவியது, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆவி பறக்கச் சூடாக்கினால் அந்தக் கிருமி அழியும். கர்ப்பிணியான தோழி யாராவது வந்தால் பனீர் மம்மியையே நீட்டுங்கள்.

சைவத்துக்கும் அசைவத்துக்கும் வேறு வேறு தட்டு, வேறு வேறு இடுக்கி. மம்மிகள் வெளியில் ஒரே மாதிரி இருப்பதால் இதை விட்டுவிட்டால் பிரித்தறியவே முடியாது. சைவ மம்மிக்கு மிளகு, அசைவ மம்மிக்கு ஆலிவ் துண்டு என்று கண்ணிலேயே அடையாளம் வையுங்கள்.

7. பூசணி: செதுக்க வேண்டாம், பொரியுங்கள்

ஆரஞ்சு நிறச் செதுக்குப் பூசணி இங்கே அக்டோபரில் யானை விலை. நம் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் வெளிர்தோல் தட்டைப் பூசணி செதுக்க ஒத்துவராது, தோல் அவ்வளவு கடினம், கத்தி வழுக்கும். முகம் வேண்டுமானால் ஆரஞ்சுப் பழத்தோலில் மார்க்கரால் வரையுங்கள், வேலை முடிந்தது.

அந்தப் பூசணியைப் பணியாரம் போலத் தட்டி, பட்டைச் சர்க்கரை தூவிக் கொடுங்கள். துண்டுகளைத் தண்ணீரில் வேகவைக்காமல், மூடியிட்ட கிண்ணத்தில் மைக்ரோவேவில் வேகவைத்து, துணியில் போட்டுப் பிழியுங்கள். நீர் தங்கினால் மாவு மேலும் மேலும் கேட்கும், கடைசியில் பூசணி ருசியே இராது. மசித்தது 2 கப்புக்கு மாவு 1 கப், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. தட்டைக் கடாயில் கொஞ்சம் எண்ணெயில், ஸ்பூன் ஸ்பூனாக விட்டு இருபுறமும் சிவக்க எடுங்கள். முட்டை சேராதவர்களுக்கு ஒரு பங்கில் முட்டைக்குப் பதில் இரண்டு ஸ்பூன் தயிர்.

8. விருந்தாளி வருமுன் ஒரு மணி நேரம்: ரொட்டிச் சவப்பெட்டி

கறியைக் கொதிக்கச் சூடாக்க வைத்துவிட்டு ரொட்டியை எடுங்கள். இரண்டு ரொட்டியை நான்கு நான்காக வெட்டினால் எட்டுக் கால் பன்னி. மூன்றாவது ரொட்டியைப் படுக்க வைத்து, மேல்பகுதியை நீளவாக்கில் மூடி போல் சீவி, உள்ளே தோண்டினால் சவப்பெட்டி. அது நான்கு பேருக்குப் போதும்.

தோண்டும்போது பக்கச் சுவரும் அடியும் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கத்தியால் கோடு கீறிவிட்டுக் கையால் பிடுங்குங்கள், கத்தியாலேயே குடைந்தால் அடி ஓட்டையாகும். பிடுங்கிய பஞ்சுத் துண்டைக் குப்பையில் போடாதீர்கள். கறியில் தோய்த்துச் சாப்பிட அதற்காகவே அடித்துக்கொள்வார்கள்.

முகத்தை வெட்டுவது பெரிய தவறு. கண் வாய் என்று துளை போட்டால் கறி அதன் வழியே மேசைக்கு வந்துவிடும். மார்மைட்டை ஒரு சொட்டு வெந்நீரில் இளக்கி, குச்சியால் மேலோட்டில் வரையுங்கள். கறுப்பாகப் பளபளக்கும், ரொட்டிக்கும் பொருந்தும். மூடியில் சிலந்தியோ எலும்புக்கூடோ வரையலாம். சிலுவை வேண்டாம், கூட்டத்தில் கிறிஸ்தவ நண்பர்கள் இருப்பார்கள்.

கறியை எல்லோரும் தட்டேந்தி நிற்கும்போது மட்டும் ஊற்றுங்கள். முன்கூட்டியே ஊற்றி அடுக்கி வைத்த பன்னி எதுவும் நிமிர்ந்து நின்றதாக வரலாறு இல்லை.

9. கடைசிப் பத்து நிமிடம்: பானங்கள்

சிவப்பு முதலில். ஃப்ரிட்ஜிலிருக்கும் ரூய்போஸில் எலுமிச்சை 4 பிழிந்து, ரோஸ் சிரப் ஒரு கப் கலந்து ருசி பாருங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் சப்ஜாவை ஒரு கப் தண்ணீரில் முன்கூட்டியே 20 நிமிடம் ஊறவைத்துச் சேர்த்தால் தவளை முட்டை தயார். பாம்பே கிரஷ் (நம்மூர் ஃபலூடா) குடித்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி, மற்றவர்கள் அலறுவார்கள். விதையை உலர்ந்தபடி பானத்தில் தூவாதீர்கள், கட்டியாகத் திரண்டு தொண்டையில் சிக்கும்.

பனிக்கையை எடுத்துக் குழாய் நீரில் சில நொடி காட்டி, கையுறையைக் கத்தரியால் வெட்டி உரியுங்கள். இழுத்தால் விரல் போகும். கிண்ணத்தில் மிதக்கவிடுங்கள்.

பச்சை, எல்லோரும் வந்தபிறகு. நன்கு குளிர்ந்த கிரீம் சோடாவைக் கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, ஐஸ்கிரீமைக் கரண்டி கரண்டியாக ஓரத்தில் வழியவிடுங்கள். சூனியக்காரி கொப்பரை போல நுரை பொங்கும். அந்தப் பொங்கலுக்குத்தான் மீதி இடம். அரை மணி முன்பே கலந்து வைத்தால் நுரையும் போய் வாயுவும் போய் பச்சைப் பால் மட்டும் மிஞ்சும். வாங்கியதில் ஒரு பாட்டிலை இரண்டாம் சுற்றுக்கு மூடியே வையுங்கள்.

புகை வேண்டுமென்று யாராவது உலர்பனிக்கட்டி கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். மைனஸ் 78 டிகிரி, துண்டு ஒன்று கோப்பையில் போய் விழுங்கப்பட்டால் உறைகுளிரால் குடல் புண்ணாகிவிடும், மூடிய சிறு அறையில் மூச்சு முட்டும். மினுக்கம் வேண்டுமானால் டானிக் வாட்டர் ஒரு ஜாடி தனியே வையுங்கள். அதிலுள்ள குயினைன் புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். கறுப்பு நிறத்துக்கு ஆக்டிவேட்டட் சார்கோல் போடும் பழக்கத்தையும் விடுங்கள், அது மாத்திரைகளை உறிஞ்சி வேலை செய்யவிடாது, கருத்தடை மாத்திரையும் அதில் அடக்கம்.

இரண்டு கிண்ணத்திலும் மது கலக்காதீர்கள். 18 வயது ஆகாத முதலாண்டுப் பிள்ளைகள் இருப்பார்கள், விடுதி விதியும் ஒன்று உண்டு. குடிப்பவர்கள் தங்கள் கோப்பையில் கலந்துகொள்ளட்டும்.

10. மேசையும் மிச்சமும்

மெழுகுவர்த்தி, அகல்விளக்கு இரண்டும் விடுதியில் கூடாது. பேட்டரி விளக்கு வையுங்கள், தீபாவளிக்கும் ஆகும்.

லிச்சிக் கண்களைக் கடைசியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். முதலிலேயே வைத்தால் படம் எடுத்துக்கொண்டே நிற்பார்கள், பன்னி ஆறிவிடும்.

மிஞ்சிய கறியை ரொட்டியில் ஊற்றாமல் தனியே ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஊற்றிய பன்னி மறுநாளைக்கு ஆகாது. ரோஸ் சிரப் கம்பளத்தில் சிந்தினால் தேய்க்காமல் குளிர்ந்த நீரால் ஒற்றி எடுங்கள். குண்டானை அன்றிரவே கழுவிவிடுங்கள், காலையில் அதே அடுப்பில் கஞ்சி வைக்க இன்னொருவர் வந்து நிற்பார்.